மண் தின்ன மறந்த வருஷம்

தும்பையூரணியில் மண் தின்பதை நிறுத்தியது எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. இடி இடிக்கவில்லை, ஆடு மாடு மிரளவில்லை, கோயில் மணி தானாக அசையவில்லை. வீட்டில் யாரோடும் சண்டை போடாமல், தட்டை மெல்லத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் ஒரு பொம்பளையைப் போல, ஊரைச் சுற்றிக் கிடந்த அத்தனை கரிசலும் ஒருநாள் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். வருஷக்கணக்காகக் களைக்கொல்லியை அதன் முகத்தில் அடித்தார்கள், அதற்குச் சேரவேண்டிய சோளத்தட்டையைத் தீ வைத்து எரித்தார்கள், ஆட்டுக்கிடை அமர்த்துவதை விட்டார்கள், ஊரணி வண்டலைச் செங்கல் சூளைக்கு ஏற்றினார்கள். இதில் எது அதன் மனசை முறித்தது என்று பிற்பாடு ஊர் கூடிப் பேசியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். மண்ணிடமே கேட்கலாமென்றால் அதற்கு எந்தப் பக்கம் காது என்று தெரியவில்லை.

முதலில் கண்டது சீனியம்மாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், மேகம் கூடினால் பெய்து கெடுக்குமோ என்றும் கலைந்தால் காய்ந்து கெடுக்குமோ என்றும் ஒரே மூச்சில் கவலைப்படுகிறவள், யார் வீட்டிலாவது பிள்ளை இருமினால் தன் வீட்டில் தூக்கம் கெடுகிறவள். அப்படிப்பட்டவள் கண்ணில்தான் இதெல்லாம் படும். புரட்டாசி இரண்டாம் வாரம், உளுந்து விதைப்புக்காக அவர்களுடைய மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. பின்னாலேயே கோரைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு போனவள், கொழு புரட்டிப்போட்ட மண்ணில் போன வருஷத்து மக்காச்சோளத் தட்டையைப் பார்த்தாள். தோகை பச்சையாக இருந்தது. யாரோ மாட்டுக்கு அறுத்ததைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து நாலடி வைத்தாள். அடுத்த சாலில் ஒரு கொய்யாப்பழம் கிடந்தது.

பாதி தின்ற பழம். கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. நாலு பல் பதிந்து, நடுவில் ஒரு கீற்று மட்டும் கடிபடாமல் நின்றிருந்தது. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் விழுந்து முன்பல் உடைந்த பிள்ளை கடித்தால்தான் அப்படி இருக்கும். போன புரட்டாசியில் விதை போட வந்த இடத்தில், "உள்ள பூரா விதைம்மா" என்று சொல்லி அவள் மகள் அனுசுயா தூக்கிப் போட்ட பழம் அது. அனுசுயா போன தையில் செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல். மிளகாய்ப் பழம் எடுக்கிற அவசரத்தில் முதல் இரண்டு நாளும் கடை மாத்திரையைக் கொடுத்து, மூன்றாம் நாள்தான் சீனியம்மாள் பஸ் ஏறினாள். அந்த இரண்டு நாளை அவள் அன்றிலிருந்து இன்றுவரை எங்கே போனாலும் முந்தியில் முடிந்துகொண்டு திரிகிறாள்.

அவள் அந்தப் பழத்தைப் பார்த்து அதிசயப்படவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள்.

கல்யாணம் ஆகாத பிள்ளையை அந்த ஊரில் மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. சொந்த நிலத்தின் கிழக்கு வரப்போரம் புதைப்பார்கள். புதைத்த பதினாறாம் நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகத் திரும்பி வரும். அவளுக்கென்று ஒரு புது ஓலைப்பெட்டி வாங்கி, அதில் பாவாடை சட்டை, சீப்பு, ரிப்பன், வளையல் வைத்து, உள்வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். கன்னிக்கு வயது நிற்பதில்லை, அவள் பெட்டிக்குள் வளர்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே வருஷா வருஷம் தை மாதத்தில், உயிரோடு இருந்திருந்தால் என்ன அளவு எடுப்பார்களோ அந்த அளவுக்குப் புதுத்துணி தைத்துப் படைப்பார்கள்.

அனுசுயாவின் பெட்டியில் சீனியம்மாள் கூடுதலாக ஒரு பொருளும் வைத்திருந்தாள். ஒரு ஊறுகாய் பாட்டில். ஆறாம் வகுப்பில் கண்காட்சிக்காக அவர்கள் நிலத்து மண்ணைப் பிள்ளை அடைத்துக் கொண்டுபோன பாட்டில். மூடியில் ஒரு கீறல். மேலே ஒட்டிய தாளில் 'எங்கள் ஊர் மண், கொ. அனுசுயா, 6 ஆ' என்று அவள் எழுத்து. அந்த எழுத்துக்காகத்தான் வைத்தாள். ஆனால் ஆடி வெள்ளிக்குப் பெட்டியை இறக்கியபோது பாட்டில் சாய்ந்து மண் சிந்தியிருந்தது, புதுப் பாவாடை பூஞ்சை பிடித்து, சல்லடையாக ஓட்டை விழுந்து கிடந்தது. கன்னி படைத்த துணியை ஏற்றுக்கொள்ளவில்லை, அந்த இரண்டு நாளுக்காக என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று சீனியம்மாள் நினைத்துக்கொண்டாள். புருஷன் பார்ப்பதற்குள் பெட்டியை மூடி மேலே ஏற்றியவள், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது மடியில் கொய்யாப்பழத்தோடு நின்றவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பழம் இப்படியே இருக்கிறதென்றால், பிள்ளையும் அப்படியேதான் இருப்பாள்.

மறுநாள் உச்சிவெயிலில், காடுகரையில் ஒரு ஆளும் இல்லாத நேரத்தில், அவள் கிழக்கு வரப்பில் உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினாள். மார்பளவு தோண்டியபிறகு முதலில் ரிப்பன் வந்தது. பிறகு நெற்றி. அனுசுயா புதைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தாள். பொட்டுகூட அழியவில்லை.

சீனியம்மாள் அழவில்லை. முடி கலைந்திருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்ச் சீப்பு எடுத்துவந்தாள்.

ஊருக்கு விஷயம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. உழுத எல்லா நிலத்திலும் போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் மடக்கி உழுத தழையும் தட்டையும் பச்சையாகப் புரண்டு வந்தன. ஒருத்தர் கல்யாண வீட்டு எச்சில் இலைகளைப் புதைத்த குழியைத் தோண்டிப் பார்த்தார். இலையோரத்து அப்பளம் நொறுங்காமல் இருந்தது. டீக்கடை சண்முகையா அதை நாலு பேர் முன்னால் கடித்துக் காட்டி, "அன்னைக்குப் பந்தியில எனக்கு அப்பளம் வரல. இன்னைக்குத்தான் கணக்கு நேராச்சு" என்றான்.

அதன்பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, பழகுவதற்கு மனிதர்களுக்கு எட்டு நாள் போதும். பொம்பளைகள் தக்காளியையும் கத்தரிக்காயையும் கொல்லையில் புதைத்துவைத்து வேண்டியபோது எடுத்தார்கள். பாலைத் தூக்குவாளியோடு புதைத்தார்கள். வேம்பாற்றுப் பக்கமிருந்து மீன்காரி கூடையோடு வந்து, விற்காத மீனை ஊரணிக்கரையில் புதைத்துவிட்டு மறுநாள் கையை வீசிக்கொண்டு வந்து எடுத்து விற்றாள். பூக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் மூட்டை மூட்டையாக மல்லிகையைக் கொண்டுவந்து குழிக்கு இடம் கேட்டார்கள். "நம்ம ஊருக்கு இனிமே ஃபிரிட்ஜே வேண்டாம்" என்றாள் சீனியம்மாளின் கொழுந்தன் பெண்டாட்டி லிங்கம்மாள். "கரண்டு போனாலும் கெட்டுப் போகாது பாருங்கக்கா." சீனியம்மாள் நகத்திடுக்கு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் பயம் தக்காளியைப் பற்றியதாக இல்லை.

வேளாண்மைத் துறையிலிருந்து ஜெசிந்தா என்ற இளம்பெண் ஸ்கூட்டரில் வந்தாள். வீட்டுக்கு ஒரு முழம் வெள்ளைப் பருத்தித்துணி கொடுத்து, அவரவர் நிலத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைக்கச் சொன்னாள். "ரெண்டு மாசம் கழிச்சு எடுங்க. நல்ல மண்ணுன்னா துணி நைஞ்சு, கரையான் அரிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். எவ்வளவு தின்னுருக்கோ அவ்வளவு உயிர் மண்ணுல இருக்குன்னு அர்த்தம்." ஊர் புதைத்தது. விதையும் விதைத்தது. ஐப்பசியில் மழை வந்தது.

அந்த மழையில்தான் ஊருக்கு முதல்தடவையாகப் பயம் தட்டியது. முதல் துளி விழுந்ததும் எல்லாரும் வழக்கம்போல வாசலுக்கு வந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வாசம் வரவில்லை. யாரோ குடத்துத் தண்ணீரை சிமெண்டுத் தரையில் ஊற்றுவதைப்போல, எந்த மணமும் இல்லாமல் மழை பெய்து, எந்த மணமும் இல்லாமல் நின்றது. மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. நனைந்த தலையோடு நின்ற ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சப்பட்டு உள்ளே போனார்கள்.

உளுந்து முளைத்தது. விதைக்குள் இருந்த பலத்தில் இரண்டு இலை விட்டது. பிறகு நின்றுவிட்டது. பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று, கார்த்திகை பிறந்தது. ஊரைச் சுற்றி நானூறு ஏக்கரிலும் ஒவ்வொரு செடியும் இரண்டே இலையோடு, வாடாமலும் வளராமலும், கூப்பிட்ட பெயருக்கு எழுந்து நின்ற பிள்ளைகள் உட்காரச் சொல்வதற்காகக் காத்திருப்பதைப்போல நின்றது. யூரியா போட்டார்கள். வெள்ளையாக அப்படியே கிடந்தது. சாணியும் வெல்லமும் பயறுமாவும் கரைத்து டிரம்மில் ஊறவைத்தார்கள். நுரைக்கவில்லை, புளிக்கவில்லை, இனிப்புத் தண்ணீராகவே இருந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்த அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு துணிகளையும் தோண்டியெடுத்து அம்மன் கோயில் முன்னால் விரித்தார்கள். ஒன்றில்கூட ஒரு நூல் பிரியவில்லை. அலசி உதறினால் கடையில் வாங்கியதுபோல இருந்தது. ஜெசிந்தா ஒன்றை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு கரண்டி மண்ணுல இந்த மாவட்டத்து சனத்தைவிட அதிகமா உயிர் இருக்கணும். கண்ணுக்குத் தெரியாது. அதுகதான் தட்டையத் திங்கும், தழையத் திங்கும். அதுக தின்னு செரிச்சதைத்தான் பயிர் குடிக்கும். உங்க மண்ணுல ஒண்ணுகூட இல்ல."

"எங்க போயிருக்கும் மேடம்?" என்றார் கொண்டல்சாமி. சீனியம்மாளின் புருஷன், அதிகம் பேசாத மனுஷன்.

"வேற எங்க, மில்லு வேனுல ஏறிப் போயிருக்கும்" என்றான் சண்முகையா. "நம்ம பிள்ளைகளையே நம்மளால இங்க நிப்பாட்ட முடியல. அதுகள யாரு நிப்பாட்ட?"

நாலு பேர் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "மேலாபீசுக்கு எழுதினேன். அவங்க அனுப்புன படிவத்துல குறைவு, நடுத்தரம், அதிகம்னு மூணு கட்டம்தான் இருக்கு. இதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு எனக்கே தெரியல" என்றாள். போகும்போது துணிகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பளைகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வேறு ஊர் மண்ணைக் கொண்டுவந்து பார்த்தார்கள். சண்முகையா மாமனார் ஊரிலிருந்து இரண்டு சாக்கு மண் கொண்டுவந்து தன் நிலத்தில் தூவினான். எட்டு நாளில் அதுவும் வாயை மூடிக்கொண்டது. இது ஒட்டுவாரொட்டி என்று பேச்சுக் கிளம்பி, பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் ஆள் போட்டார்கள். தும்பையூரணிக்காரர்கள் மினிபஸ்ஸில் ஏறுமுன் காலைக் கழுவியாகவேண்டும் என்று வாளியும் சொம்பும் வைத்தார்கள். கழுவிக்கொண்டுதான் ஏறினார்கள். என்ன செய்வது, வேலைக்குப் போகவேண்டுமே.

மார்கழியில் ஒரு கிழவர் இறந்தார். மயானத்தில் குழி வெட்டியபோதுதான் ஊர் மற்றதைக் கண்டது. அதற்கு முந்தின தையில் புதைத்தவர் தூங்குகிறமாதிரி கிடந்தார். பக்கத்துக் குழிகளையும் கிளறிப் பார்த்தார்கள், அவருக்கு முன்னால் இறந்தவரும் அப்படியே. இரண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகைக்கு முன்னால் புதைத்தவர்கள் மட்டும் எலும்பாக இருந்தார்கள். இறந்தவர்களை வைத்துத்தான் ஊருக்குத் தெரிந்தது, மண் தின்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது என்று. போன வருஷம் விளைந்ததெல்லாம் அது முன்னால் தின்று செரித்துவைத்த மிச்சத்தில்தான்.

முதலில் பயந்தார்கள். பிறகு அதற்கும் பழகினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கிளம்பிப் போய்த் தங்கள் ஆட்களின் முகத்தளவுக்கு மண்ணை விலக்கிவிட்டு உட்கார்ந்து, மகளுக்கு வரன் வந்ததையும் எருமை ஈன்றதையும் சொல்லிவிட்டு மூடிவிட்டு வந்தார்கள். பாதைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரும் தகப்பன் முகத்தைத் தோண்டிவைத்து அவர் முன்னால் நியாயம் பேசினார்கள். "அவரு எந்திரிச்சு வந்தார்னா ரெண்டு பேருக்கும் சேத்து வெளக்குமாறுதான்" என்றாள் லிங்கம்மாள். உயிரோடிருப்பவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பூட்டைப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள்தான் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தார்கள்.

சீனியம்மாள் தினமும் போனாள். உச்சியில் போய், தலை சீவி, பொட்டைச் சரிசெய்து, ஒரு பாட்டு நீளத்துக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, மண்ணை மூடித் தட்டிவிட்டு வருவாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் நெஞ்சு படபடக்காது. மண் பசித்துக் கிடந்தால் கிடக்கட்டும், ஊர் காய்ந்தால் காயட்டும், இது மட்டும் இப்படியே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு, வாய்விட்டுச் சொல்லாத நினைப்பு, அவளுக்குள் கல்லுப்போல இருந்தது.

தை பிறந்தது. அனுசுயாவின் முதல் வருஷப் படையல். பதினாலு வயசு அளவுக்குத் தையல்காரி தைத்துக்கொடுத்த ஊதாப்பூப் போட்ட பாவாடையை எடுத்துக்கொண்டு சீனியம்மாள் கிழக்கு வரப்புக்குப் போனாள். வழக்கம் அதுவல்ல, பெட்டியில்தான் வைக்கவேண்டும். ஆனாலும் பிள்ளை உடம்பே இங்கே இருக்கும்போது அளவு பார்க்கத் தாய்க்கு ஆசை வராதா. இடுப்பில் வைத்துப் பிடித்தாள். பாவாடை பாதத்தைத் தாண்டி நாலு விரல் இறங்கிக் கிடந்தது. போன வருஷத்து உயரத்திலேயே பிள்ளை கிடந்தாள். சீனியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். உளுந்து இரண்டு இலையோடு நின்றது.

வீட்டுக்கு வந்து, நாலு விரல் அகலத்துக்கு டக் பிடித்து, ஊசி நூலால் பாவாடையைக் குட்டையாக்கினாள். தையல் கோணியது. பிறகு அதைப் படைக்கப் பெட்டியை இறக்கினாள்.

திறந்ததும் ஒரு வாசம் வந்தது. ஐப்பசி மழைக்கு ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்பார்த்து நின்ற அதே வாசம்.

ஆடியில் ஓட்டை விழுந்திருந்த பழைய பாவாடை இப்போது பாவாடையாகவே இல்லை. நாலு நூலும் ஒரு கொக்கியும் மிச்சம். பாட்டிலிலிருந்து சிந்திய மண், ஊர் மண் வாயை மூடுமுன் பிள்ளை அடைத்த மண், அதைத் தின்றிருந்தது. மண்ணில் வெள்ளை வெள்ளையாக நூலாம்படைபோல ஏதோ ஓடியிருந்தது. சீனியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோயில் முன்னால் விரித்துவைத்த நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத்துணிகளும் அவள் கண்முன்னால் வந்தன. கன்னி கோபப்படவில்லை. கன்னி இத்தனை நாளாகத் தலைக்குமேல் தொங்கிக்கொண்டு, ஊரில் யாரிடமும் இல்லாததைத் துணியைத் தின்னக் கொடுத்துக் கொடுத்து உயிரோடு வைத்திருந்திருக்கிறாள். ஆத்தாக்காரி அதைச் சாபமென்று நினைத்து ஆறு மாசமாக ஒளித்துவைத்திருக்கிறாள்.

மறுநாள் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. "ஒரு பேச்சுக்குக் கேக்கேன் மேடம். பழைய மண்ணு, இந்த ஊரு மண்ணே, ஒரு கை கிடைச்சா என்ன ஆகும்?"

ஜெசிந்தா யோசித்துச் சொன்னாள். "வெளிமண்ணு இங்க நிக்கல. இந்த மண்ணுலயே பிறந்ததுன்னா நிக்கும்னு எனக்குத் தோணுது. ஈரமா வச்சு, திங்க ஏதாவது கொடுத்தா போதும். ஒரு நாளைக்கு ஒரு சாண்னு பரவும்."

"பரவுனா எல்லாத்தையுமா திங்கும்?"

"எல்லாத்தையும்தான்மா."

"இதை மட்டும் விட்டுரு, மத்ததைத் தின்னுன்னு சொல்ல முடியாதா?"

"யாருகிட்டம்மா சொல்ல?" என்றாள் ஜெசிந்தா. ஏன் கேட்கிறாள் என்று அவள் கேட்கவில்லை.

சிந்திய மண்ணைப் பாட்டிலிலேயே அள்ளி அடைத்து, பன்னிரண்டு நாள் சீனியம்மாள் அந்தப் பாட்டிலை அரிசிப்பானைக்குள் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். மேற்கு ஓரத்தில் வைத்தால் கிழக்கு வரப்புக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று காலால் அளந்தாள். ஊருக்கு அந்தக் கோடியில், லிங்கம்மாள் நிலத்தில் வைத்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்குமா என்று பார்த்தாள். எப்படி அளந்தாலும் கடைசிச் சாண் ஒன்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் ஏழு வீடு பூட்டப்பட்டது. லிங்கம்மாள் வந்து, "நாங்களும் ஞாயித்துக்கெழம கெளம்புதோம்க்கா. நம்ம மாமனாரு வெள்ளிக்கெழமைக்கு யாரும் வரலியேன்னு பாப்பாரு, போறப்ப ஒரு எட்டுத் தலையக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீனியம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அரிசிப்பானையைப் பார்த்துக்கொண்டே, "சரித்தா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் உச்சியில் கிழக்கே இருந்து திரும்பியவள், நிலத்து நடுவில் கொண்டல்சாமி குந்தியிருப்பதைக் கண்டாள். அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. கீழே குனிந்து என்னவோ சொன்னார். மறுபடி ஒரு சிட்டிகை எடுத்தார்.

"என்ன செய்தீக?"

அவர் நிமிர்ந்தார். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லாத முகம். "தின்னுன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது மொத வாய் நாம தின்னு காட்டுவோம்ல. அதான் காட்டுதேன்." மென்று விழுங்கினார். "அனுசு அப்பிடித்தான் திம்பா."

பிள்ளை செத்ததிலிருந்து அந்தப் பேரை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

சீனியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்தியால் அவர் வாயைத் துடைத்தாள். "நான் கெழக்க போறது உங்களுக்குத் தெரியுமா?"

"நெதமும் உன் நகத்துல பாக்கேன்."

"நீங்க ஏன் ஒருநாள்கூட வரல?"

"வந்தா நானும் அங்கேயே ஒக்காந்திருவேன். பெறகு ராத்திரி சோத்துக்கு உன்னைக் கூப்புட யாரு இருக்கா?"

வெயில் ரெண்டு பேர் தலைமேலும் நின்றது. அவர் கை மறுபடி மண்ணுக்குப் போனது. சீனியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "போதும். வயித்துக்கு ஆகாது" என்றாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய், அரிசிப்பானைக்குள் கையை விட்டாள்.

அவள் மேற்கு ஓரத்துக்குப் போகவில்லை. இதைப் பிடித்துவைத்தவள் பிள்ளை, பாதுகாத்தவள் பிள்ளை. போனாலும் அவள் கையிலிருந்தே போகட்டும். கிழக்கு வரப்பில் மண்ணை விலக்கினாள். தலையைச் சீவினாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் சீவினாள். ரிப்பனைப் பிரித்து மறுபடி கட்டினாள். கொண்டல்சாமி தள்ளியே நின்றுகொண்டிருந்தவர், மெல்ல மெல்ல வந்து, குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வருஷம் கழித்து மகள் முகத்தைப் பார்த்தார். "பல்லு ஒடஞ்சபடியேதான் இருக்கு பாரு" என்றார். நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் எடுத்துவிட்டார்.

சீனியம்மாள் பிள்ளையின் வலது உள்ளங்கையை விரித்து, பாட்டில் மண்ணை அதில் கொட்டி, சொம்புத் தண்ணீரைத் தெளித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு குனிந்து, பிள்ளையிடம் அல்ல, அந்தக் கைக்குள் இருந்த மண்ணிடம் சொன்னாள்:

"பயந்த பிள்ள. மெதுவா. மொகத்தைக் கடைசியாத் தின்னு."

மூடினார்கள். அவள் அதற்குப் பிறகு தோண்டவில்லை. தினமும் உச்சியில் போய் வரப்பில் உள்ளங்கையை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் மண் லேசாகச் சுட்டது, வெயில் சூடு அல்ல, காய்ச்சல் கண்ட நெற்றியின் சூடு. அந்தச் சூடு அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மிளகாய்ப் பழம் எடுக்க இழுத்துக்கொண்டு ஓடிய கையை இன்றைக்கு எடுக்காமல், வேறெங்கும் ஓடாமல், சாயங்காலம்வரை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை கடைசியில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தது. ஊரில் மிச்சமிருந்தவர்கள் யாரும் வாசலுக்கு வரவில்லை. மூக்கைத் தூக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சண்முகையாதான் முதலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான். பிறகு மாடுகள் எழுந்தன. கிழக்கேயிருந்து, சன்னமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, மண்வாசம் வந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நனைந்துகொண்டே நின்றார்கள், பேசினால் போய்விடுமோ என்று பயந்தவர்கள்போல மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். லிங்கம்மாள் இல்லை, அவள் வீடு பூட்டிக் கிடந்தது. சீனியம்மாள் தன் வாசலில் முந்தியால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அப்படி நின்றாள். பிறகு மூச்சு முட்டி, முந்தியை எடுத்துவிட்டு, எல்லாரையும்போல அவளும் இழுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கொண்டல்சாமி நிலத்திலிருந்து வேகமாக வந்தார். கிழக்கு வரப்பை ஒட்டின சாலில் பதினோரு செடி மூன்றாவது இலை விட்டிருக்கிறது என்றார். வந்து பார் என்றார். அவள் வரவில்லை. இனி மயானம்வரை அது போய்ச் சேருவதற்குள், வெள்ளிக்கிழமைக்காரிகள் ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொல்லவேண்டும், தலையைச் சீவிவிட்டு வாருங்கள் என்று. எப்படிச் சொல்வது என்ற கவலை அதற்குள் அவளைப் பிடித்திருந்தது. ஆனாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது.

உள்வீட்டில் ஓலைப்பெட்டியை இறக்கி, ஊதாப்பூப் பாவாடையை மடியில் விரித்து, நாலு விரல் அகலத்துக்குப் பிடித்த டக்கின் கோணல் தையலை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் பிரித்ததும், மடிப்புக்கோடு போக உள்ளங்கையால் தேய்த்து, பாவாடையைப் பதினாலு வயசு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்த தைக்கு இன்னும் இரண்டு விரல் கூட்டித் தைக்கச் சொல்லவேண்டும்.